பிளாஸ்டிக் கலவையும் ஒட்டுப் பாலிமரும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சோதனைக் கூடத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். உடைந்த பக்கெட் கைப்பிடி, கிழிந்த நர்சரிக் கவர், சேகோ (ஜவ்வரிசி) மில்லிலிருந்து ஒரு கிலோ ஸ்டார்ச் பொட்டலம் என்று மேசைக்கு வரும் சாமான்கள் பல வகை. கூடவே வரும் கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். மோல்டிங் யூனிட் நடத்துகிறவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், மில்காரர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஏங்க, ரெண்டும் பிளாஸ்டிக்தானே? உருக்கிக் கலந்தால் ஒன்றாகிவிடாதா?"

ஆகாது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் பிடிபட்டால் மற்றதில் பாதி தானே விளங்கும்.

சர்க்கரை தண்ணீரில் கரைகிறது. அதன் மூலக்கூறு சின்னது, எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும். பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறான பாலிமர் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான அலகுகளை ஒரே சங்கிலியில் கட்டிப் போட்டிருக்கிறது. கட்டிப் போட்டவற்றைக் கலைத்துப் போடுவதில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. அதனால் இரண்டு சங்கிலிகளுக்குள் கொஞ்சம் ஒவ்வாமை இருந்தாலே போதும், தனித்தனியாகப் பிரிந்துகொள்ளும். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தும் உருகின நிலையில்கூடச் சேருவதில்லை.

மெஷினிலிருந்து ஒரே நிறமாக வருகிறதே என்பார்கள். கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒன்று கடலாகவும் மற்றது அதில் மிதக்கும் சொட்டுகளாகவும் இருக்கும். ஒவ்வொரு சொட்டும் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பத்து மைக்ரான் அளவில் இருக்கலாம். இழுக்கும்போது எல்லாம் அந்தச் சொட்டின் விளிம்பில்தான் தீர்மானமாகிறது. விளிம்பு பிடித்துக்கொண்டால் சொட்டு சுமையை வாங்கிக்கொள்ளும். பிடி விட்டால் அந்தச் சொட்டு வெறும் ஓட்டைக்குச் சமம்.

நன்றாகக் கலக்கும் ஜோடி ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது, ஆனால் அபூர்வம். பாலிஃபெனிலீன் ஆக்சைடும் பாலிஸ்டைரீனும் எந்த விகிதத்தில் போட்டாலும் ஒன்றாகிவிடும். 1960களில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி நோரில் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது இந்த வகைதான். மற்றபடி பெரும்பாலான ஜோடிகள் ஒட்டாத ஜோடிகளே.

அப்படியானால் கலப்பதே வீண் வேலையா?

இல்லவே இல்லை. ஒன்றாகக் கரையாமல் இருப்பதுதான் பல நேரம் நமக்கு லாபம்.

சாதா பாலிஸ்டைரீனை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான, விறைப்பான சாமான். கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். வெட்டு போட்ட துண்டை ஐசோட் என்ற அடி தாங்கும் சோதனையின் சுத்தியல் அடித்து உடைக்கும்போது, துண்டின் தடிமனில் மீட்டருக்கு சுமார் 20 ஜூல்தான் தாங்கும். அதற்குள் நூற்றுக்கு ஆறோ எட்டோ பங்கு பாலிபியூட்டாடையீன் ரப்பரைச் சரியான விதத்தில் வைத்தால் 80 முதல் 200 ஜூல் வரை போகும். இதுதான் ஹிப்ஸ் (அடி தாங்கும் பாலிஸ்டைரீன்) என்று நாம் வாங்கும் சாமான். ஃப்ரிட்ஜின் உள் சுவர் பெரும்பாலும் இதில்தான் செய்கிறார்கள்.

"சரியான விதம்" என்று சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. பாலிஸ்டைரீன் மணியையும் ரப்பர் தூளையும் எக்ஸ்ட்ரூடரில் (உருக்கித் தள்ளும் மெஷினில்) போட்டு அரைத்தால் இந்த எண் வராது. ரப்பரைத் திரவ ஸ்டைரீனில் முதலில் கரைக்கிறார்கள். கலக்கிக்கொண்டே ஸ்டைரீனைப் பாலிமராக்குகிறார்கள். ஆரம்பத்தில் ரப்பர்க் கரைசல் கடல், பாலிஸ்டைரீன் சொட்டு. பாலிஸ்டைரீன் பெருகப் பெருக ஒரு கட்டத்தில் நிலைமை தலைகீழாகி, ரப்பர் சொட்டாகவும் பாலிஸ்டைரீன் கடலாகவும் மாறும். கலக்குவதை அந்த நேரத்தில் நிறுத்தினால் காரியம் கெட்டுவிடும். இப்படி உருவான ரப்பர் சொட்டை வெட்டிப் பார்த்தால் மாதுளம்பழம் மாதிரி இருக்கும்: உள்ளே பாலிஸ்டைரீன் முத்துகள், அவற்றைப் பிரிக்கும் மெல்லிய தோலாக ரப்பர். அதனால்தான் எடையில் ஆறு பங்கு ரப்பர், இடத்தில் இருபது பங்குக்கு மேல் அடைத்துக்கொள்கிறது. கொஞ்சம் ரப்பர், நிறைய வேலை.

இதே சமயம் சில ஸ்டைரீன் சங்கிலிகள் ரப்பர்ச் சங்கிலியின் மேலேயே முளைத்து வளர்கின்றன. விளிம்பைப் பிடித்து வைப்பது அந்த முளைகள்தான்.

ஒட்டுப் பாலிமர் என்றால் அதுதானா?

அதுதான். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மாங்கன்று ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நாட்டு மாவின் தண்டில் மல்கோவாவின் கிளை. ஒட்டுப் பாலிமரிலும் ஒரு வகைச் சங்கிலி தண்டு, வேறு வகைச் சங்கிலி அதன்மேல் கிளை.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். மாவில் வேர் ஒன்று, பழம் ஒன்று, வேலை பிரிந்திருக்கிறது. பாலிமரில் தண்டு தன் சொந்தக்காரர்கள் பக்கம் சாயும், கிளை அதன் சொந்தக்காரர்கள் பக்கம் சாயும். ஆகவே அந்த மூலக்கூறுக்குப் பிடித்த இடம் இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு. இரண்டு வீட்டுக்கும் உறவுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல. அவர் அங்கே இருப்பதால் இரண்டு நன்மை: உருகிய நிலையில் சின்னச் சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் தடுக்கிறார், ஆறிய பிறகு விளிம்பைத் தைத்து வைக்கிறார்.

வளைத்தால் வெள்ளைக் கோடு விழுகிறதே, மட்டமான சாமானா?

மட்டம் இல்லை. அது உழைத்ததற்கான அடையாளம்.

பழைய ஹிப்ஸ் தட்டு ஒன்று கிடைத்தால் ஓரத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கம் முதலில் மங்கும், பிறகு சுண்ணாம்பு பூசினது போல் வெளுக்கும். அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான நுண் பிளவுகள் திறந்திருக்கின்றன. ஆனால் அவை முழு விரிசல் அல்ல. இரண்டு கரைக்கும் நடுவே இடியாப்ப நூல் மாதிரி பாலிமர் இழைகள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். இழைகளுக்கு நடுவே உள்ள காற்றிடம் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. பிளவு ஒரு ரப்பர் சொட்டின் நடுப்பக்க விளிம்பில் தொடங்கி அடுத்த சொட்டில் போய் நிற்கும். ஒரே பெரிய விரிசலாகப் போக வேண்டிய சக்தி இப்படி ஆயிரம் சின்ன வேலைகளாகப் பிரிந்து செலவாகிறது.

சாதா பாலிஸ்டைரீனை இதே மாதிரி வளைத்தால் வெளுக்க நேரமே இருக்காது. சட்டென்று போய்விடும்.

ரப்பரை இன்னும் கூட்டினால் இன்னும் பலமாகுமா?

அடி தாங்கும். விறைப்பு போகும். பாலிஸ்டைரீனின் மீள்குணகம், அதாவது விறைப்பின் அளவு, சுமார் 3 கிகாபாஸ்கல். ஹிப்ஸில் அது 2 அளவுக்கு இறங்கும். இழுவலிமை 45, 50 மெகாபாஸ்கலிலிருந்து 20, 30 என்று குறையும். நாற்காலிக் கால் உடையாமல் இருந்தாலும் உட்கார்ந்ததும் அகன்றால் யார் வாங்குவார்கள்?

சொட்டின் அளவும் முக்கியம். ஹிப்ஸுக்கு ஒன்று முதல் சில மைக்ரான் வரை நல்லது. ஏபிஎஸ்ஸுக்கு (ஹிப்ஸ் மாதிரியே ரப்பர் வைத்த, அக்ரிலோநைட்ரைலும் சேர்ந்த பிளாஸ்டிக்) அதைவிடச் சின்னது, ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை. நைலானில் கணக்கு வேறு. 1985-ல் சௌஹெங் வு என்ற விஞ்ஞானி, ரப்பரின் அளவையும் எடையையும்விட ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் முடிவு செய்கிறது என்று காட்டினார். நைலான் 66-ல் அது சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே வந்ததும் சாமான் நொறுங்குவதை விட்டு வளையத் தொடங்கும். அந்த இடைவெளியை எட்ட வேண்டுமானால் ரப்பர் மிக நுண்ணியதாகப் பிரிய வேண்டும். சாதா ரப்பர் நைலானில் அப்படிப் பிரியாது. மெலிக் அன்ஹைட்ரைடு என்ற ரசாயனம் ஒட்டிய ரப்பர் பிரியும், ஏனென்றால் அந்த ஒட்டு நைலான் சங்கிலியின் முனையோடு உருகும்போதே ரசாயனமாகப் பிணைந்துகொள்கிறது. வெட்டுப் போட்ட நைலான் 50 ஜூல் அளவில் உடைவது போய் 800-ஐத் தாண்டும் வகைகளை டூபாண்ட் கம்பெனி 1970களிலேயே விற்றது.

பிபிசிபி (பாலிபுரொப்பிலீன் கோபாலிமர்) என்பது இரண்டு வகை அலகு ஒரே சங்கிலியில் சேர்ந்த கோபாலிமரா, கலவையா?

பெயர் கோபாலிமர், குணம் கலவை. பாலிபுரொப்பிலீனைச் செய்த கையோடு அடுத்த ரியாக்டரில் எத்திலீன்-புரொப்பிலீன் ரப்பரையும் அதற்குள்ளேயே செய்துவிடுகிறார்கள். உள்ளே ரப்பர்ச் சொட்டுகள்தான் இருக்கின்றன.

இதில் எனக்கு ஒரு சூடு பட்ட கதை உண்டு. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் அள்ளும் கூடை செய்து கொடுத்த யூனிட்டுக்கு நான்தான் சாமான் சொன்னேன். ஹோமோ பிபி (ரப்பர் சேராத வெறும் பாலிபுரொப்பிலீன்) விலை குறைவு, விறைப்பு அதிகம் என்று அதையே போடச் சொல்லிவிட்டேன். சேலத்து ஏப்ரல் வெயிலில் லாரியிலிருந்து தூக்கிப் போட்டும் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. டிசம்பர் காலையில் மலையில் கூடையைப் பாறைமேல் வைத்த வேகத்தில் மூலை விட்டுப்போனது. ஒன்று இரண்டல்ல, லோடில் பாதி. பாலிபுரொப்பிலீன் 0 டிகிரிக்குப் பக்கத்தில் கண்ணாடி நிலைக்குப் போகிற சாமான். அடி வேகமாக விழும்போது அந்த எல்லை இன்னும் மேலே நகர்ந்துவிடும். பாலிபியூட்டாடையீன் மாதிரி ரப்பர்கள் கழித்தல் 90 டிகிரி வரைகூட மென்மையாக இருக்கும். எத்திலீன்-புரொப்பிலீன் ரப்பரும் கழித்தல் 50 வாக்கில்தான் இறுகும். கூடையை பிபிசிபியில் மறுபடி ஓட்டிக் கொடுத்தார்கள். செலவில் பாதி என் தலையில்.

பிபியும் பிஇயும் (பாலித்தீன்) கலந்த அரைவை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பக்கெட்டும் மூடியும் சேர்ந்து அரைபட்டு வரும் சாமான் இது. தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பிபியின் அடர்த்தி 0.90, பிஇ 0.91 முதல் 0.96. இரண்டும் மிதக்கும். பெட் (பாட்டில் பிளாஸ்டிக்), பிவிசி மாதிரி தண்ணீரைவிடக் கனமானவைதான் கீழே போகும்.

அப்படியே ஓட்டினால் இழுவலிமை எண் பெரிதாகக் குறையாது, அதனால் ஏமாந்துவிடுவோம். குறைவது நீட்சி. தனியாக இருந்தால் சில நூறு சதவீதம் நீளும் சாமான், கலந்த பிறகு பத்து இருபதிலேயே அறுந்துவிடும். கயிறு, பட்டை, வளைந்து கொடுக்க வேண்டிய கீல் எதற்கும் ஆகாது. பூந்தொட்டிக்கு ஆகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடைக்காரர் "கம்பாட்டிபிலைசர் போடுங்க, எல்லாம் சேர்ந்துடும்" என்று மெலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பிபியை நீட்டுவார். பிபி-பிஇ ஜோடிக்கு அது தண்டச் செலவு. அந்த ஒட்டு பிடித்துக்கொள்ள மறுபக்கத்தில் அமீன் அல்லது ஹைட்ராக்சில் என்ற ரசாயனக் கொக்கி வேண்டும். பாலித்தீனில் எதுவும் இல்லை, வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். நைலானோடோ, கண்ணாடி இழையோடோ, மரத்தூளோடோ சேர்க்க அது அருமையான சாமான். பிபி-பிஇக்கு வேண்டியது இரண்டுக்கும் சொந்தமான எத்திலீன்-புரொப்பிலீன் வகை ரப்பர், அல்லது இரண்டின் துண்டுகளும் மாறி மாறி வரும் தொகுதிப் பாலிமர். 2017-ல் அமெரிக்காவில் கோட்ஸ், பேட்ஸ் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர் அப்படி ஒரு நான்கு துண்டுச் சங்கிலியை 5 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் போட்டுக் கலவையை நன்றாக நீளவைத்துக் காட்டினார்கள். நம் ஊர் யூனிட்டுக்கு இப்போதைக்கு ரப்பர் வழிதான்.

மெலிக் அன்ஹைட்ரைடை நாமே ஒட்டிக்கொள்ள முடியாதா?

முடியும், ட்வின் ஸ்க்ரூ (இரட்டைத் திருகு) எக்ஸ்ட்ரூடர் இருந்தால். கூடப் போடும் பெராக்சைடு சூட்டில் உடைந்து சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும், அந்தக் காலியிடத்தில் அன்ஹைட்ரைடு போய் ஒட்டும். ஒரு சதவீதம் ஒட்டினாலே நல்ல வேலை. ஆனால் அதே பெராக்சைடு பிபியின் சங்கிலியை வெட்டவும் செய்யும், எம்எஃப்ஐ (உருகினது எவ்வளவு சுலபமாக ஓடும் என்ற எண்) ஏறிச் சாமான் தண்ணீராக ஓடும். பாலித்தீனில் நேர் எதிர், சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகும். ஆவி கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். வாங்கிப் போடுவது நல்லது.

மரவள்ளி ஸ்டார்ச்சைப் பிளாஸ்டிக்கில் கலக்கலாமா?

சேலத்தில் இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. 1981-ல் பதிவான, ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இருக்கிற ஊர், ஆத்தூர் பக்கம் போனால் ஈர ஸ்டார்ச் வாசனை ஊரையே மூடியிருக்கும். ஜவ்வரிசி விலை விழுகிற வருடம் எல்லாம் யாராவது ஒருவர் பொட்டலத்தோடு வந்துவிடுவார்.

கலக்கலாம். 1970களிலேயே இங்கிலாந்தில் ஜெரால்ட் கிரிஃபின் பாலித்தீனில் ஸ்டார்ச் நிரப்பிப் படலம் செய்தார். சிக்கல் எங்கே என்றால், மரவள்ளி ஸ்டார்ச் மணி 5 முதல் 35 மைக்ரான் வரை இருக்கும். நீங்கள் ஊதப்போகிற கவரின் தடிமன் 40 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் பாதித் தடிமனுக்கு ஒரு கல்லை வைத்துப் பூசினது மாதிரி ஆகும். பாலித்தீனுக்குத் தண்ணீர் ஆகாது, ஸ்டார்ச் தண்ணீரை விரும்பும். ஆகவே விளிம்பில் பிடியே இல்லை. ஸ்டார்ச் ஏற ஏற இழுவலிமை படிப்படியாக இறங்கும், நீட்சி செங்குத்தாக விழும்.

இந்த இடத்தில் மெலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலித்தீன் உண்மையிலேயே உதவும். ஸ்டார்ச்சில் ஹைட்ராக்சில் நிறைய இருக்கிறது, அன்ஹைட்ரைடு அதோடு எஸ்டராகப் பிணையும். இழுவலிமை நன்றாக மீளும், நீட்சி ஓரளவுக்குத்தான் மீளும்.

காய வைப்பதை மறக்க வேண்டாம். சாதாரணமாக வைத்த ஸ்டார்ச்சில் 12, 13 சதவீதம் ஈரம் இருக்கும். ஒரு சதவீதத்துக்குக் கீழே கொண்டுவராமல் மெஷினின் சூடான குழாயான பேரலில் விட்டால் படலம் முழுக்க ஆவிக் கொப்புளம். ஒருமுறை அவசரத்துக்கு அப்படியே ஓட்டிப் பார்த்தோம், ஊதின படலம் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. சூடும் அளவோடு வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ச் கருகிப் பழுப்பாகும்.

கிளிசரால் சேர்த்து உருக்கும் வகை வேறு. மணியே கரைந்து பிளாஸ்டிக் மாதிரி ஓடும். புதிதில் மெத்தென்று இருக்கும், சில வாரத்தில் நேற்றைய சோறு மாதிரி விறைத்துப்போகும். மழைக்காலத்தில் நமுத்துவிடும்.

அப்படிச் செய்த கவர் மக்கிவிடுமா?

ஸ்டார்ச்சைப் புழுவும் பூஞ்சையும் தின்னும். பாலித்தீன் அப்படியே பொடிப்பொடியாகக் கிடக்கும். இதை "மக்கும் கவர்" என்று விற்பது எனக்குச் சம்மதம் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பைகளுக்குத் தடை இருக்கிறது. ஸ்டார்ச் கலந்திருக்கிறது என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. உரமாகும் பிளாஸ்டிக் என்று சொல்ல ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரச் சோதனையில் தேற வேண்டும். பாலித்தீன் கலவை தேறாது.

ஸ்டார்ச்சிலேயே ஒட்டுப் போட முடியுமா?

முடியும், மரவள்ளிக்கு எனக்குப் பிடித்த வழியும் இதுதான். சீரியம் உப்பு ஸ்டார்ச் சங்கிலியில் முளைப்பு இடத்தை உண்டாக்கும், அங்கிருந்து அக்ரிலோநைட்ரைல் கிளை வளரும். பிறகு காரத்தில் கொதிக்க வைத்தால் அது தண்ணீரை உறிஞ்சும் ஜெல்லாக மாறும். 1970களில் அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகம் மக்காச்சோள ஸ்டார்ச்சில் இதைச் செய்து காட்டியது. சுத்தமான தண்ணீரில் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். உப்புத் தண்ணீரில் அந்தத் தாகம் பெருமளவு அடங்கிவிடும். நம் போர்வெல் தண்ணீரை ஊற்றிச் சோதித்துவிட்டுத்தான் ஈரம் காக்க நாற்றுக் குழியில் போடுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஏபிஎஸ் சாமான் வெயிலில் மஞ்சளாகிறதே?

அடி தாங்க வைத்த பியூட்டாடையீன் ரப்பர்தான் காரணம். அதன் இரட்டைப் பிணைப்பை வெயிலும் ஆக்சிஜனும் தாக்கும். மேல் தோல் மட்டும் விறைத்தாலே போதும், விரிசல் அங்கே பிறந்து உள்ளே ஓடும். மொட்டை மாடிக்கு ஏஎஸ்ஏ வாங்குங்கள், அதில் ரப்பர் அந்த இரட்டைப் பிணைப்பு இல்லாத அக்ரிலேட் வகை.

சோதனை அறிக்கையில் எண் நன்றாக இருக்கிறது, சாமான் உடைகிறது. ஏன்?

அதிகம் சண்டை வரும் இடம் இது. சோதனைத் துண்டுக்குள் உருகிய சாமான் ஒரு முனையில் நுழைந்து மறுமுனைக்கு நேராகப் போகிறது. உங்கள் நாற்காலியில் அது இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடி, ஓர் இடத்தில் வந்து முட்டுகிறது. அந்த வெல்டு லைனில் கலவையின் சொட்டுகள் கோட்டுக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும், குறுக்கே பாலம் போட ஆள் இருக்காது. ஒரே பாலிமர் என்றால் கொஞ்சம்தான் குறையும். ஒட்டாத கலவை என்றால் அந்தக் கோட்டில் கையாலேயே பிளக்கலாம். ஒட்டுப் பாலிமர் போட்டதா இல்லையா என்பதைச் சொல்லும் சோதனை எனக்குத் தெரிந்து இதைவிட நல்லது வேறு இல்லை. துண்டின் இரண்டு முனையிலும் கேட் (உருகிய சாமான் நுழையும் வாசல்) வைத்து ஒரு ஷாட் அடித்து, நடுவில் உடைத்துப் பாருங்கள்.

இன்னொன்று அலகு. ஒரு விற்பனையாளர் மீட்டருக்கு ஜூல் என்று எழுதுவார், இன்னொருவர் சதுர மீட்டருக்குக் கிலோஜூல் என்பார். 100-ஐயும் 10-ஐயும் பார்த்து முதலாவது பத்து மடங்கு உசத்தி என்று வாங்கியவர்கள் உண்டு. ஏறக்குறைய இரண்டும் ஒரே பலம்தான். நைலான் என்றால் காய்ந்த துண்டா, ஈரம் ஏறியதா என்றும் கேளுங்கள்.

எம்எஃப்ஐ மட்டும் பார்த்து வாங்கலாமா?

எப்படி ஓடும் என்று சொல்லும். எப்படி உடையும் என்று சொல்லாது.

எரித்து முகர்ந்து பார்த்து வகை கண்டுபிடிக்கிறோம், சரியா?

பழைய ஆட்கள் மெழுகு வாசனை என்றால் பிஇ என்று சரியாகவே சொல்வார்கள். ஆனால் கையில் இருப்பது பிவிசியாக இருந்தால் நெஞ்சுக்குள் போவது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை. வேண்டாம்.

லேபுக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

உடைந்த இரண்டு துண்டையும் கொண்டுவாருங்கள். ஒன்றை மட்டும் கொண்டுவந்து "மத்தது குப்பைக்குப் போயிடுச்சுங்க" என்பதுதான் வழக்கம். உடைந்த முகத்தைக் கழுவவோ துடைக்கவோ வேண்டாம், இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் வேண்டாம். முகம் வழவழவென்று பளபளத்தால் ஒரு கதை, வெளுத்து நார் நாராக இருந்தால் வேறு கதை. லென்ஸில் பார்க்கும்போது ஒரு பக்கம் சின்னக் குமிழ்களும் மறுபக்கம் அதே அளவில் குழிகளும் இருந்தால், சொட்டுகள் சுத்தமாகக் கழன்று வந்திருக்கின்றன என்று அர்த்தம். ஓட்டின நாளின் பேரல் சூடு எழுதி வைத்திருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும்.